நடன அரங்கின் டிராமதுர்க்: எந்த இடத்தில் வேலை செய்வது?

நடன அரங்கில் டிராமதுர்க் ஆக, அதாவது படைப்பு உருவாகும்போது நடன அமைப்பாளரின் அருகிலிருந்து பார்த்து, கேள்வி கேட்டு, அதை வடிவமைக்க உதவும் துணையாளராக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இதில் பிழைக்க முடியுமா?" என்பதைத்தான். நியாயமான கேள்வி, அதன் விடையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்பே அவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறொன்று: ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒத்திகை அறையில் உட்கார்ந்திருக்க ஆசைப்படுகிறேன்? இந்த ஒரே பதவிப் பெயரின் கீழ் குறைந்தது நான்கு வேலைகள் இருக்கின்றன. அரசு மானியத்தில் இயங்கும் பெரிய அரங்கில் மாதச் சம்பளத்துக்கு இருப்பது. ஒரே நடன அமைப்பாளருடன் ஆண்டுக்கணக்கில் இருப்பது. பலருக்கும் சுயேச்சையாகப் பணிபுரிவது. விழாக்களுக்கும் தயாரிப்பு மையங்களுக்கும் படைப்புகளைத் தேர்ந்தெடுப்பது. இவற்றுக்கிடையே சம்பளத்தைவிட ஒத்திகை நேரம்தான் அதிகம் வேறுபடுகிறது. இந்த வேலையில் கசந்துபோனவர்களில் பலர் பணத்தைக் கணக்கிட்டவர்கள், நேரத்தைக் கணக்கிட மறந்தவர்கள்.

ஒத்திகை அறைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலின் முன்னோடியான ஜெர்மன் நாடகாசிரியர் லெஸ்ஸிங் 1767-இல் ஹாம்பர்க் தேசிய அரங்கில் பொறுப்பேற்றபோது, எழுதி முடிக்கப்பட்ட நாடகங்கள் அவர் முன் இருந்தன. அவற்றை வாசிக்கலாம், எடைபோடலாம், விமர்சிக்கலாம். நடன அரங்கில் அப்படி எதுவும் கிடையாது. 1973-இல் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தின் பாலே குழுவைப் பொறுப்பேற்ற நடன அமைப்பாளர் பினா பாவ்ஷ், சில ஆண்டுகளிலேயே நடனக் கலைஞர்களிடம் கேள்விகள் கேட்டுப் படைப்பை உருவாக்கும் முறைக்கு வந்துசேர்ந்தார். ஒரு கேள்விக்கு ஒருவர் கையசைவால் பதில் சொல்வார், இன்னொருவர் சிறுவயதுச் சம்பவத்தைச் சொல்வார், மூன்றாமவர் நாற்காலியோடு ஏதோ செய்வார். இப்படிச் சேரும் குவியலில் பெரும்பகுதி வீசப்படும். எஞ்சியதை எதற்கு அடுத்து எது என்று அடுக்கிப் பார்த்து, கலைத்து, மீண்டும் அடுக்குவார்கள். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு பிற்பகலில் யாரோ செய்து காட்டிய அசைவு இன்றைக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். 1980-இலிருந்து அந்தப் பத்தாண்டு முழுவதும் பாவ்ஷின் டிராமதுர்க்காக இருந்த ரைமுண்ட் ஹோகே, ஒத்திகை ஒன்றின் குறிப்புகளைப் புத்தகமாகவே வெளியிட்டிருக்கிறார். நடன அரங்கில் டிராமதுர்க்கின் மூலப்பிரதி அந்தக் குறிப்பேடுதான். ஒத்திகைக்கு வராதவரிடம் அது இருக்காது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தினமும் உட்கார்ந்திருப்பவர் சில வாரங்களில் படைப்பாளியின் கண்ணாலேயே பார்க்கத் தொடங்கிவிடுகிறார். இடைவெளி விட்டு வருகிறவருக்குத்தான், "இந்தப் பகுதி எனக்குப் புரியவில்லை" என்று கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறது. உங்கள் இயல்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

பெல்ஜியத்தின் டிராமதுர்க் மரியன் வான் கெர்க்கோவன், நடன அமைப்பாளர் ஆன் தெரேசா டி கியர்ஸ்மேக்கருடனும் பிரஸ்ஸல்ஸின் காய்த்தியேட்டர் அரங்கிலும் பணிபுரிந்தவர், 1994-இல் ஆற்றிய உரையில் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். டிராமதுர்க்கின் பணிதான் டிராமதுர்கி. ஒரு படைப்பின் உள்ளும் அதை ஒட்டியும் நடப்பது சிறிய டிராமதுர்கி; அந்தப் படைப்பைச் சூழ்ந்திருக்கும் அரங்கு, அதைச் சூழ்ந்த நகரம், அதற்கும் அப்பாலான உலகம் ஆகியவற்றோடு உறவாடுவது பெரிய டிராமதுர்கி. அவர் இரண்டும் ஒன்றையொன்று தொட வேண்டும் என்றுதான் பேசினார். ஆனால் வேலை தேடுகிறவருக்கு இது நல்ல வரைபடமும்கூட. மேலே சொன்ன நான்கு வேலைகளில் முதலாவதும் நான்காவதும் பெரியதின் பக்கம். இரண்டாவதும் மூன்றாவதும் சிறியதின் பக்கம்.

மாதச் சம்பளத்திலிருந்து தொடங்கலாம். இந்தத் தொழில் ஒரு நிலையான பதவியாக வேரூன்றிய நாடு ஜெர்மனி. அங்கே பொது நிதியில் நடக்கும் அரங்குகளில் பல, ஓபரா, நாடகம், நடனம் மூன்றுக்கும் ஒரே கூரையின் கீழ் தனித்தனிக் குழுக்களை வைத்திருக்கின்றன. டிராமதுர்க்குகள் என்.வி. பியூனே என்ற கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறார்கள். 2023 ஜனவரியில் அதன் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2,715 யூரோவாகவும், இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு 2,915 யூரோவாகவும் உயர்ந்தது. வரிக்கு முந்தைய தொகை இது. பெரிய சம்பளம் அல்ல; ஆனால் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் சேர்ந்து வருவதால், இந்தத் துறையில் வாடகையை நினைத்துத் தூக்கம் கெடாமல் இருக்க வாய்ப்புள்ள இடம் இதுதான்.

ஒப்பந்தத்தின் நுணுக்கங்களைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். ஒப்பந்தம் பொதுவாக ஒரு பருவத்துக்கு. ஆகஸ்ட் முதல் ஜூலை வரை. புதுப்பிக்கப் போவதில்லை என்றால் நிர்வாகம் அந்தப் பருவத்தின் அக்டோபர் 31-க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; அதற்கு முன் உங்களைக் கூப்பிட்டுப் பேசியும் ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஒப்பந்தம் தானாகவே ஓராண்டு நீளும். ஒரே அரங்கில் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டால் இப்படிச் சாதாரணமாக அனுப்பிவிட முடியாது. கேட்பதற்குப் பாதுகாப்பாகத் தோன்றும் இந்த விதிதான், பதினான்காவது ஆண்டை நெருங்குகிறவர்களுக்குப் பயமாக மாறுகிறது. அந்த எல்லையைத் தொடும் முன்பே பலரை வழியனுப்பி வைப்பது ஊரறிந்த வழக்கம். இன்னொன்று: அரங்கின் தலைமை இயக்குநர் மாறும்போது டிராமதுர்க்குகளும் மாறுவது சகஜம். புதியவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். உங்கள் உழைப்புக்கும் அதற்கும் தொடர்பிருக்காது.

இனி நேரக் கணக்கு. நடனத்துக்கென்று தனி டிராமதுர்க்கை வைத்துக்கொள்ளும் அரங்குகள் குறைவு. ஓபராவையும் நடனத்தையும் ஒருவரே பார்த்துக்கொள்வது பரவலான ஏற்பாடு. ஓபராவின் அட்டவணை கனமானது, ஆண்டுகளுக்கு முன்பே தீர்மானிக்கப்படுவது. ஆகவே நடனத்துக்கு எஞ்சிய நேரம்தான். நிகழ்ச்சிக் கையேடு எழுத வேண்டும், காட்சிக்கு முன் பார்வையாளர்களுக்கு அறிமுக உரை தர வேண்டும், பருவ வெளியீட்டுக்குக் குறிப்புகள் தர வேண்டும், இசைக்கு உரிமை வாங்கும் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்க வேண்டும், பள்ளிகளோடு பேச வேண்டும், காட்சி முடிந்த பின் கலந்துரையாடலை நடத்த வேண்டும். இதே ஒப்பந்தத்தின் தனிக்கலைஞர் பிரிவில்தான் டிராமதுர்க்கும் அடங்குவார். அந்தப் பிரிவுக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற தெளிவான வரையறை பல்லாண்டுகள் இல்லாமலே ஓடியது. விளைவு, காலையில் கூட்டம், மாலையில் காட்சி, நடுவில் கிடைத்த ஒன்றரை மணி நேரத்தில் ஒத்திகையை எட்டிப் பார்ப்பது. நடன அமைப்பாளர் உங்களைப் படைப்பின் துணையாகப் பார்க்கிறாரா, அலுவலகத்திலிருந்து வந்த ஆளாகப் பார்க்கிறாரா என்பது அந்த ஒன்றரை மணி நேரத்தில் தீர்மானமாகிவிடும்.

இதையெல்லாம் சொன்னாலும், இளையவர்களுக்கு நான் இந்த வழியை மறுக்கமாட்டேன். எட்டு வாரத்தில் ஒரு படைப்பு எப்படி உருவாகிறது, ஒளியமைப்பாளரின் மேடை நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள், வரவுசெலவில் எந்த வரி முதலில் வெட்டப்படும் என்பதையெல்லாம் வேறெங்கும் இவ்வளவு சீக்கிரம் கற்க முடியாது. இரண்டு மூன்று பருவங்கள் நல்ல பயிற்சி. பத்துப் பருவங்கள் வேறு மாதிரியான மனிதராக உங்களை ஆக்கிவிடும். அவர் நிறுவனத்துக்குப் பேசத் தெரிந்தவராக இருப்பார், அசைவைப் பார்க்கத் தெரிந்தவராக இருப்பாரா என்பது சந்தேகம்.

இரண்டாவது வழி, ஒரே நடன அமைப்பாளருடன் நீண்ட துணை. இந்தத் தொழிலில் என் மனம் சாய்வது இதன் பக்கம்தான் என்பதை மறைக்கப் போவதில்லை. ஹோகே-பாவ்ஷ் உறவு ஓர் உதாரணம். காத்தரின் ப்ரொஃபேட்டா 1997 முதல் அமெரிக்க நடன அமைப்பாளர் ரால்ஃப் லெமனுடன் பணிபுரிந்து வருகிறார். ஹில்டகார்ட் டி ஃபய்ஸ்ட், பெல்ஜிய நடன அமைப்பாளர் அலன் பிளாட்டெலின் லே பாலே சே டெ லா பே குழுவோடு 1990-களிலிருந்து இணைந்திருந்தவர். இப்படிப்பட்ட உறவில் மூன்றாவது நான்காவது படைப்புக்குள் ஒரு பொதுமொழி உண்டாகிவிடுகிறது. "போன படைப்பில் முடிவுக்கு முன் செய்த தவறை இதிலும் செய்கிறோம்" என்று ஒரு டிராமதுர்க் சொல்ல முடிவது, போன படைப்பிலும் அவர் இருந்ததால்தான். சுயேச்சையாக வந்துபோகும் எவராலும் தர முடியாதது இது.

இதன் ஆபத்தும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. உங்கள் வாழ்க்கை இன்னொருவரின் உடல்நிலை, மனநிலை, மானியம் ஆகியவற்றோடு கட்டப்பட்டுவிடுகிறது. வில்லியம் ஃபோர்சைத் நடத்திய ஃப்ராங்க்ஃபர்ட் பாலே 2004-இல் மூடப்பட்டது. அவர் தன் பெயரிலேயே தொடங்கிய அடுத்த குழு 2005 முதல் 2015 வரை இருந்தது, பிறகு வேறொரு தலைமையின் கீழ் வேறு பெயருக்கு மாறியது. உலகின் மிகப் புகழ்பெற்ற நடன அமைப்பாளர்களில் ஒருவரைச் சூழ்ந்த வேலைகளே இவ்வளவு நிலையற்றவை என்றால், சிறிய குழுக்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முழுநேர டிராமதுர்க்குக்குச் சம்பளம் தரும் அளவுக்கு வசதியுள்ள குழுக்கள் மிகக் குறைவு. ஆகவே இந்த வழியில் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு இன்னொரு கால் வேறெங்காவது இருக்கும். டி ஃபய்ஸ்ட் பிரஸ்ஸல்ஸின் கே.வி.எஸ். அரங்கிலும் டிராமதுர்க்காக இருந்தார். ப்ரொஃபேட்டா பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார். இதைக் குறையாகப் பார்க்காதீர்கள். சோறு போடும் இடம் வேறாக இருந்தால்தான் நடன அமைப்பாளரிடம் "இது சரியில்லை" என்று அஞ்சாமல் சொல்ல முடியும்.

பிரிவு எப்படி வரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஹோகே 1994-இல் தன் முதல் தனிப் படைப்போடு தானே மேடையேறினார். அதன் பிறகு 2021-இல் மறையும் வரை நடன அமைப்பாளராகவே அறியப்பட்டார். நெடுங்காலம் பிறர் படைப்பின் அருகில் உட்கார்ந்திருப்பவருக்குள் சொந்தப் படைப்பு ஆசை முளைப்பது இயல்பு. அது முளைத்துவிட்டதை ஒத்துக்கொள்ளாத டிராமதுர்க் ஒத்திகை அறையில் தொல்லை. நடன அமைப்பாளரின் படைப்பைத் தன் படைப்பாக வளைக்கத் தொடங்குவார்.

மூன்றாவது, சுயேச்சைப் பணி. இன்று இந்தத் துறையில் நுழைகிறவர்களில் பலர், விரும்பியோ விரும்பாமலோ, இங்கேதான் நிற்கிறார்கள். இதற்கு முன்னோடியாகச் சொல்லத்தக்கவர் கீ கூல்ஸ். நடன விமர்சகராகத் தொடங்கி, பெல்ஜியத்தின் கென்ட் நகரின் ஃபோருயிட் கலை மையத்தில் 1990-களில் நடனத்துக்குப் பொறுப்பாக இருந்து, பிறகு டிராமதுர்க்காகப் பலரோடு பணியாற்றினார். நடன அமைப்பாளர்கள் அக்ரம் கானும் சிதி லார்பி ஷெர்க்கவியும் சேர்ந்து உருவாக்கிய 'ஸீரோ டிகிரீஸ்' (2005) படைப்புக்கு டிராமதுர்க் அவர்தான். அக்ரம் கானின் 'தேஷ்' (2011) படைப்புக்கு ரூத் லிட்டில். அவரோ லண்டன் நாடக அரங்குகளில் பிரதிகளை வாசித்துத் தேர்ந்தெடுக்கும் பணியிலிருந்து வந்தவர். வெவ்வேறு ஒத்திகை அறைகளில் வெவ்வேறு முறைகளைப் பார்க்கும் வாய்ப்பு இந்த வழியின் பெரும் வரம்.

ஆனால் இந்தப் பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். கூல்ஸும் லிட்டிலும் சுயேச்சையாக வருவதற்கு முன்பே நிறுவனங்களில் பல ஆண்டுகள் இருந்து தொடர்புகளைச் சேர்த்தவர்கள். படிப்பை முடித்தவுடன் சுயேச்சையாகத் தொடங்குகிறவரின் நிலை வேறு. ஒரு படைப்புக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை. மானியம் கிடைத்தால்தான் அதுவும். அந்த மானியத்துக்கான விண்ணப்பத்தை எழுதுவது யார்? எழுதத் தெரிந்தவர் என்பதால் டிராமதுர்க்தான். மானியம் கிடைக்காவிட்டால் அந்த வாரங்களின் உழைப்புக்குக் கூலி இல்லை. அடுத்த சங்கடம், கடைசி நேர அழைப்பு. அரங்கேற்றத்துக்குப் பத்து நாள் இருக்கையில், "ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் வரிசையை மாற்றலாம், ஐந்து நிமிடத்தை வெட்டலாம். அடித்தளத்தைத் தொட முடியாது. தொட முயன்றால் நடனக் கலைஞர்களின் நம்பிக்கையைக் குலைத்துவிட்டு ஊருக்குத் திரும்புவீர்கள். தொடக்கக் கட்டத்தில் சில நாள், நடுவில் சில நாள், முடிவில் சில நாள் என்று மூன்று கட்டங்களிலும் இருப்பதாக ஒப்புக்கொள்ளாத அழைப்பை மறுத்துவிடுவது நல்லது. தொடக்கத்தில் மறுக்கும் வசதி இருக்காது, தெரியும். குறைந்தபட்சம் கேட்டுப் பார்க்கும் பழக்கம் இருக்கட்டும்.

ஜெர்மனியில் வசிக்கும் சுயேச்சைக் கலைஞர்களுக்கு 1983 முதல் இயங்கும் கலைஞர் சமூகக் காப்பீட்டு அமைப்பு உண்டு. டிராமதுர்க்குகளும் அதில் சேரலாம். காப்பீட்டுத் தொகையில் பாதியை மட்டும் கலைஞர் கட்டுவார். சுயேச்சைப் பணியின் பொருளாதாரத்தை இது கணிசமாக மாற்றிவிடுகிறது. இத்தகைய ஏற்பாடு இல்லாத நாட்டில் இதே வழியைத் தேர்ந்தெடுத்தால், ஒரு படைப்புக்குக் கிடைக்கும் மொத்தத் தொகையிலிருந்து காப்பீட்டை முழுமையாகக் கழித்துக் கணக்குப் போடுங்கள். தனிமைக்கும் மருந்து தேவை. வட அமெரிக்காவில் டிராமதுர்க்குகளின் சங்கம் 1985 முதல் இருக்கிறது. ஆசிய டிராமதுர்க்குகளுக்கான வலையமைப்பு 2016-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. கட்டணம் எவ்வளவு கேட்பது என்று வாய்விட்டு விசாரிக்க இப்படிப்பட்ட கூட்டங்களே தோதான இடம்.

நான்காவது வழியைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது, ஏனென்றால் அது மெல்ல மெல்ல வேறு தொழிலாகிவிடுகிறது. பெட்டினா மாசுக் பெர்லினின் ஹௌ அரங்கில் டிராமதுர்க்காக இருந்தவர். பிறகு உட்ரெக்ட் நகரின் ஸ்பிரிங்டான்ஸ் விழா, 2014 முதல் டுசல்டார்ஃபின் டான்ஸ்ஹவுஸ், 2022 முதல் ஆஸ்திரியாவின் சாங்க்ட் போல்டன் விழா அரங்கு என்று தலைமைப் பொறுப்புகளுக்குச் சென்றார். அதிகாரமும் வருமானமும் இங்கேதான் அதிகம். நிறையப் பயணம், நிறையக் காட்சிகள். ஆனால் நீங்கள் பார்ப்பது முடிந்த படைப்புகளை. ஒத்திகை அறைக்குள் நுழையும்போதே உங்களோடு பணமும் நுழைவதால், உங்கள் கேள்வி எதுவும் வெறும் கேள்வியாகக் காதில் விழாது. எதிர்த்திசையில் வருவது, கூல்ஸைப் போல, நடக்கக்கூடியதுதான், ஆனாலும் அரிது.

பல்கலைக்கழகத்தை நான் தனி வழியாக எண்ணவில்லை. ஆந்த்ரே லெப்பெக்கி மெக் ஸ்டூவர்ட், வேரா மன்டேரு போன்ற நடன அமைப்பாளர்களுக்கு டிராமதுர்க்காக இருந்துகொண்டே நியூயார்க்கில் பேராசிரியரானார். கற்பித்தல் இரண்டாவது வழிக்கு நல்ல தாங்குகோல். அதற்கு முனைவர் பட்டம் தேவைப்படும் என்பதால் ஐந்தாறு ஆண்டுகளை முன்கூட்டியே ஒதுக்க வேண்டியிருக்கும். கோட்பாட்டுப் பயிற்சி மிகுந்தவர்கள் நடனத்தைப் பார்த்தவுடனே விளக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது நடனக் கலைஞர்களின் பழைய புகார். முழுக்கப் பொய்யல்ல.

படிப்பா, அனுபவமா? கீசன் பல்கலைக்கழகத்தில் 1982-இல் தொடங்கிய பயன்முறை அரங்கியல் துறை, ஃப்ராங்க்ஃபர்ட், லைப்ஸிக், மியூனிக் ஆகிய நகரங்களின் டிராமதுர்கிப் படிப்புகள், அமெரிக்காவில் யேல் என்று இடங்கள் இருக்கின்றன. பாடத்தைவிட உடன் படிப்பவர்களுக்காகவே இவற்றில் சேரலாம். நாளைய நடன அமைப்பாளர்களும் நிகழ்ச்சித் தேர்வாளர்களும் பக்கத்து இருக்கையில்தான் இருப்பார்கள். ஆனால் நடன அரங்கின் டிராமதுர்க்குகள் வந்த திசைகளைப் பாருங்கள்: ஹோகே பத்திரிகையாளர், கூல்ஸ் விமர்சகர், லிட்டில் பிரதி வாசிப்பவர். பட்டம் இல்லாததால் யாரும் கதவைச் சாத்தியதில்லை. ஆடி ஓய்ந்த நடனக் கலைஞர்கள் முப்பத்தைந்து, நாற்பது வயதில் இந்தப் பக்கம் வரும்போது பார்வை ஏற்கெனவே கூர்மையாக இருக்கும். அவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டியது எழுத்துப் பழக்கமும், தான் ஆடியிருந்தால் எப்படி ஆடியிருப்பேன் என்ற நினைப்பை அடக்கும் பழக்கமும்.

ஆக, இருபத்தைந்து வயதும் கடன் இல்லாத நிலையும் உள்ளவருக்கு என் யோசனை: அரங்கில் உதவி டிராமதுர்க்காக இரண்டு மூன்று பருவங்கள் இருங்கள், அங்கே விருந்தினராக வரும் நடன அமைப்பாளர்களில் யாரோடு வாக்குவாதம் இனிக்கிறது என்று கவனியுங்கள், அவரோடு வெளியேறுங்கள். குடும்பப் பொறுப்பு உள்ளவர் அரங்கிலேயே இருக்கலாம். ஆனால் பேச்சுவார்த்தையின்போது, பருவத்துக்கு ஒரு நடனப் படைப்பிலாவது முழு ஒத்திகைக் காலத்துக்கும் மற்ற பணிகளிலிருந்து விடுவிப்பு வேண்டும் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழி உறுதி முதல் கையேட்டின் கெடு தேதி வரைகூடத் தாங்காது. முன்னாள் நடனக் கலைஞர், படிப்பில் இரண்டு ஆண்டு செலவிடாமல், தெரிந்தவர்களின் படைப்புகளில் நேரடியாகச் சுயேச்சையாகத் தொடங்கலாம். அவரிடம் தொடர்புகள் ஏற்கெனவே இருக்கின்றன.

எந்த வழியானாலும், பெயரும் பங்கும் ஒப்பந்தத்தில் என்னவாக இருக்கும் என்பதை ஒத்திகை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். அமெரிக்க டிராமதுர்க் லின் தாம்சனின் வழக்கு நடனத்தைச் சேர்ந்ததல்ல என்றாலும் எல்லா டிராமதுர்க்குகளுக்கும் பொருந்தும். 'ரென்ட்' இசை நாடகத்தைச் செப்பனிட 1995-இல் 2,000 டாலருக்கு ஒப்பந்தமான அவர், அதன் ஆசிரியர் ஜொனாதன் லார்சன் 1996 ஜனவரியில் திடீரென்று இறந்து, நாடகம் பெருவெற்றி பெற்ற பிறகு, இணை ஆசிரியர் என்ற உரிமை கோரி நீதிமன்றம் சென்றார். இணைந்து எழுதுகிறோம் என்ற எண்ணம் இருவருக்கும் இருந்ததாக நிறுவ முடியவில்லை என்று 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்க மறுத்தது. பிறகு இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாட்டுக்கு வந்தன. ஒரு நடனப் படைப்பு பத்து ஆண்டு ஊர் ஊராகப் போகலாம், இன்னொரு குழு அதை மீண்டும் மேடையேற்றலாம். அப்போது சுவரொட்டியில் உங்கள் பெயர் இருக்குமா, எந்தப் பதவிப் பெயரோடு, மறுமேடையேற்றத்துக்குத் தொகை உண்டா, மீள்ஒத்திகைக்குக் கூப்பிட்டால் நாள் கூலி எவ்வளவு, உங்கள் குறிப்பேடு யாருக்குச் சொந்தம் என்ற ஐந்துக்கும் விடையை ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.